ஆறு மாத அவகாசம்: புதுச்சேரியின் பிரெஞ்சு ஓய்வூதியமும் வருமான வரியும்

ஓய்வு பெற்ற ஒருவர் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்கிறார். அவர் வாங்கும் ஓய்வூதியத்துக்கு எந்த ஊர் வரி போட வேண்டும்? உழைத்த ஊரா, இப்போது வசிக்கும் ஊரா?

அமெரிக்காவில் இது பெரிய சண்டையாகவே நடந்தது. கலிபோர்னியாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பலர், மாநில வருமான வரியே இல்லாத நெவாடாவுக்குக் குடிபோனார்கள். 'இங்கே உழைத்து உருவான ஓய்வூதியம் இது, அதனால் எங்களுக்கு வரி உண்டு' என்று கலிபோர்னியா துரத்தியது. கடைசியில் 1996 ஜனவரியில் ஒரு மத்திய சட்டம் வந்தது. வேறு மாநிலத்துக்குக் குடிபோய்விட்டவரின் ஓய்வூதியத்துக்கு, பழைய மாநிலம் வரி போடக் கூடாது என்று அது சொன்னது.

இந்தியாவில் இந்தச் சண்டைக்கு இடமில்லை. வேளாண்மை வருமானம் தவிர மற்ற வருமானத்தின் மீது வரி விதிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் மட்டுமே இருக்கிறது. சென்னையில் ஓய்வு பெற்று புதுச்சேரியில் வீடு வாங்கிக்கொண்டு வருபவருக்கு வருமான வரி ஒரு ரூபாய் கூடாது, குறையாது. பான் கணக்கில் முகவரியை மாற்றினால் போதும்.

ஆனால் இதே புதுச்சேரியில், ஊர் மாறாமல், தெரு மாறாமல், இருந்த வீட்டிலேயே இருந்துகொண்டு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் 'போன' ஓய்வூதியக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் நகரவில்லை, எல்லைக்கோடு நகர்ந்தது. அவர்களுக்கு வரி என்ன ஆயிற்று? அதுதான் இந்தக் கட்டுரை.

சொல்தாக்கள்

பாண்டிச்சேரிக்காரர்களுக்கு 'சொல்தா' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து வந்தவரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். சிப்பாய் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல், தமிழ் வாயில் புகுந்து உள்ளூர்ச் சொல்லாகிவிட்டது. 'சொல்தா வீடு', 'சொல்தா பென்ஷன்' என்றால் எல்லோருக்கும் புரியும்.

இவர்கள் எப்படி உருவானார்கள்? 1881 செப்டம்பரில் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. பிரெஞ்சு இந்தியாவில் பிறந்த ஒருவர், தன் சாதி, மத வழக்கப்படியான தனிச்சட்டத்தை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்தால், பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வந்துவிடலாம். அவருக்கு ஒரு குடும்பப் பெயரும் பதிவாகும். முதலில் கையெழுத்திட்டவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. நீதிமன்றத்துக்குள் ஐரோப்பிய பாணிக் காலணி அணிந்து வந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்ற அதே மனிதர்தான். அவர் வைத்துக்கொண்ட பெயர் 'லபோர்த்', அதாவது கதவு. கதவு திறந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்படித் தனிச்சட்டத்தைத் துறந்தவர்களுக்கு பிரெஞ்சுக் காலனிகளில் வேலை கிடைத்தது. குறிப்பாக இந்தோசீனாவில், சைகோனில். காவல் துறை, சுங்கம், வரி வசூல், நீதிமன்றம், ராணுவம் என்று பல இடங்களில் பாண்டிச்சேரி, காரைக்கால் தமிழர்கள் இருந்தார்கள். ஊரான் நாட்டில் வரி வசூலித்தவர்களின் பேரப்பிள்ளைகள் பிற்பாடு தங்கள் வரிக்கே குழம்ப வேண்டி வந்தது, சரித்திரத்தின் ஒரு வேடிக்கை!

இரண்டு உலகப் போர்களிலும், பிறகு இந்தோசீனப் போரிலும், அல்ஜீரியாவிலும் இவர்கள் பிரெஞ்சுக் கொடியின் கீழ் நின்றார்கள். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காகக் கட்டிய நினைவுச் சின்னம் கடற்கரைச் சாலையில் இன்றும் இருக்கிறது. பணிக்காலம் முடிந்ததும் பாரிஸ் கருவூலத்திலிருந்து ஓய்வூதியம் வந்தது. அதை வைத்து இங்கே வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

எல்லைக்கோடு நகர்ந்த கதை

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில், மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைய, 8 பேர் எதிர்த்து. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. பாடப் புத்தகத்தில் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும்.

சட்டப்படி அது பாதிக் கதைதான். நிர்வாகம் மாறியதே தவிர, இறையாண்மை மாறவில்லை. 1956 மே 28 அன்று புதுதில்லியில் ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை உடனே ஏற்கவில்லை. அல்ஜீரியப் போர் முடிந்த பிறகு, 1962-ல்தான் ஒப்புதல் கிடைத்தது. ஆவணங்கள் பரிமாறப்பட்ட நாள் 1962 ஆகஸ்ட் 16. ஆக, நடுவில் கிட்டத்தட்ட எட்டு ஆண்டுகள் பாண்டிச்சேரி மக்கள் இந்திய நிர்வாகத்தில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள்!

இந்த ஒப்பந்தத்தில் நமக்கு வேண்டியவை இரண்டு விஷயங்கள்.

முதலாவது, குடியுரிமை. பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் பகுதிகளில் பிறந்து, அங்கேயே வசித்து வந்த பிரெஞ்சுக் குடிமக்கள் ஒப்பந்தம் அமலுக்கு வந்த நாளில் தானாகவே இந்தியக் குடிமக்கள் ஆகிவிடுவார்கள். வேண்டாம், பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்கிறேன் என்பவர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். 18 வயது நிறையாத, திருமணமாகாத பிள்ளைகளுக்குத் தந்தையின் முடிவே முடிவு. ஆறு மாதம் என்றால் 1963 பிப்ரவரி நடுப்பகுதி வரை. அந்த அவகாசத்தில் எழுதிக் கொடுத்தவர்கள் சுமார் ஐயாயிரம் பேர். மற்றவர்கள் பேசாமல் இருந்தார்கள், இந்தியர் ஆனார்கள்.

இரண்டாவது, ஓய்வூதியம். பிரான்சின் தாய்நாட்டு பட்ஜெட்டிலிருந்து வரும் ஓய்வூதியங்களைப் பிரான்சே தொடர்ந்து கொடுக்கும், வாங்குபவர் இந்தியக் குடிமகன் ஆகிவிட்டாலும் சரி. உள்ளூர் பட்ஜெட்டிலிருந்து வந்த ஓய்வூதியங்களை இந்தியா ஏற்கும். நியாயமான ஏற்பாடு. உழைப்பு உழைப்புதான், கடவுச்சீட்டின் நிறம் மாறினால் ஓய்வூதியம் நிற்கக் கூடாது என்பது அதன் பொருள்.

அப்படியானால் பேசாமல் இருந்தவருக்கும் எழுதிக் கொடுத்தவருக்கும் பாரிஸிலிருந்து பணம் வரும். சிக்கல் எங்கே? வரியில்.

1963 ஏப்ரல் 1

1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நாடு முழுக்க 1962 ஏப்ரலில் அமலுக்கு வந்தபோது பாண்டிச்சேரிக்கு அது செல்லவில்லை. 1963-ல் வரிச் சட்டங்களை யூனியன் பிரதேசங்களுக்கு நீட்டிக்கும் ஒழுங்குமுறை வந்தது. தாத்ரா நகர் ஹவேலி, கோவா, டாமன், டையூ, பாண்டிச்சேரி ஆகிய எல்லாவற்றுக்கும் 1963 ஏப்ரல் 1 முதல் இந்திய வருமான வரி.

தேதிகளை ஒரு முறை அடுக்கிப் பாருங்கள். குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கும் அவகாசம் பிப்ரவரியில் முடிகிறது. வருமான வரிச் சட்டம் ஏப்ரலில் வருகிறது. இடையில் ஆறு வாரம்! அந்தக் கையெழுத்தைப் போட்டவரோ போடாதவரோ பிள்ளைகளின் படிப்பையும், பிரான்சில் வேலை கிடைக்குமா என்பதையும், சொந்த மண்ணையும், சொந்தக்காரர்களையும் நினைத்திருப்பார். வருமான வரியை நினைக்க அன்று அவருக்குக் காரணமே இல்லை.

இந்தியச் சட்டத்தின் அடிப்படை எளிது. ஒருவர் இந்தியாவில் வசிப்பவர் என்று ஆகிவிட்டால், உலகில் எங்கிருந்து வருமானம் வந்தாலும் அதற்கு இங்கே வரி உண்டு. ஓய்வூதியமோ சட்டப்படி சம்பளத்தின் கீழ் வருவது. எனவே பாரிஸிலிருந்து வரும் பிராங்குக்கும் இங்கே கணக்கு காட்ட வேண்டும்.

இதனால் சங்கடங்கள் வரும் என்று அரசுக்குத் தெரிந்தே இருந்தது. அதற்காகச் சட்டத்தில் 294ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். இந்த யூனியன் பிரதேசங்களில் சட்டத்தைப் பொருத்துவதால் ஏற்படும் கஷ்டத்தை நீக்கவும், பாண்டிச்சேரியைப் பொறுத்தவரை 1956 மே 28 ஒப்பந்தத்தின் ஷரத்துகளை நிறைவேற்றவும், மத்திய அரசு ஆணை மூலம் விலக்கோ சலுகையோ தரலாம். வருமான வரிச் சட்டத்தில் பாண்டிச்சேரி ஒப்பந்தம் தேதியோடு குறிப்பிடப்பட்ட இடம் இது. ஆனால் அதற்கும் ஒரு கெடு இருந்தது. 1967 மார்ச் 31-க்குப் பிறகு புதிதாகச் சலுகை தர முடியாது, கொடுத்ததை ரத்து செய்ய மட்டுமே முடியும்.

இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் 1969 மார்ச்சில்தான் கையெழுத்தானது. அதற்கு முன் பொதுவாக இருந்தது 91-வது பிரிவு. ஒப்பந்தம் இல்லாத நாட்டில் ஒருவர் வரி கட்டியிருந்தால் இந்தியா தானாகக் கொஞ்சம் கழித்துக் கொடுக்கும் ஏற்பாடு அது.

அண்ணனும் தம்பியும்

இப்போது நடப்பில் இருப்பது 1992 செப்டம்பர் 29 அன்று பாரிஸில் கையெழுத்தாகி, 1994 ஆகஸ்ட் 1 முதல் அமலில் உள்ள ஒப்பந்தம். அதன் 19-வது ஷரத்து அரசுப் பணிக்கான ஓய்வூதியத்தைப் பற்றியது. இரண்டே வரியில் சொல்லிவிடலாம்:

1. ஒரு நாட்டின் அரசு தனக்குச் செய்த பணிக்காகக் கொடுக்கும் ஓய்வூதியத்துக்கு அந்த நாடு மட்டுமே வரி போடலாம்.

2. ஆனால் வாங்குபவர் மற்ற நாட்டில் வசிப்பவராகவும், அந்த நாட்டின் குடிமகனாகவும் இருந்தால், அந்த மற்ற நாடு மட்டுமே வரி போடலாம்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை அண்ணனையும் தம்பியையும் வைத்துக்கொள்வோம். இருவரும் பாண்டிச்சேரியில் ஒரே வீட்டில் பிறந்தவர்கள். இருவரும் பிரெஞ்சுப் படையில் ஒரே அளவு காலம் இருந்தவர்கள். இருவருக்கும் ஒரே அளவு ஓய்வூதியம். 1962-ல் இருவரும் ஊரில்தான் வசிக்கிறார்கள். அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை.

அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன். புதுச்சேரியிலேயே காலம் முழுக்க வாழ்ந்தாலும் அவருடைய ராணுவ ஓய்வூதியத்துக்கு வரி போடும் உரிமை பிரான்சுக்கு மட்டும். தம்பி இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகன். அதே பணம், அதே கருவூலம், ஆனால் வரி போடும் உரிமை இந்தியாவுக்கு மட்டும். ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இருவர், இரண்டு நாட்டின் வரிப் படிவங்களைப் பார்க்க வேண்டும்.

இதில் யாருக்கு லாபம்? பலர் அவசரப்பட்டு 'அண்ணனுக்குத்தான்' என்பார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. வெளிநாட்டில் வசிப்பவரின் ஓய்வூதியத்தில் பிரான்ஸ் மூன்று படிகளில் வரி பிடிக்கிறது: முதல் பகுதிக்கு ஒன்றுமில்லை, அடுத்ததற்கு 12 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். இந்தியாவிலோ விகிதமும் விலக்கு வரம்பும் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறி வந்திருக்கின்றன. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரித் தள்ளுபடி, ஓய்வூதியக்காரருக்கு அதற்கு மேல் 75,000 நிலைக்கழிவு. நடுத்தர அளவு ஓய்வூதியம் வாங்கும் தம்பிக்கு அந்த ஆண்டு வரி பூஜ்யமாகவே இருந்திருக்கலாம். ஆக லாப நஷ்டம் அந்தந்தக் காலத்தைப் பொறுத்தது. மாறாமல் இருப்பது ஒன்றுதான்: யார் எந்தப் பக்கம் என்பதை 1962-63-ன் அந்த ஆறு மாதம் முடிவு செய்துவிட்டது.

ஒரு சின்னக் குறிப்பு. பிரெஞ்சுக் குடிமகனாக இருந்துகொண்டு ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் என்ன ஆவார்? அது குடியுரிமை அல்ல, ஆயுள்கால விசா மாதிரி. எனவே அவர் அண்ணன் பக்கம்தான்.

இன்னொன்று. 19-வது ஷரத்து அரசுப் பணிக்கு மட்டுமே. பிரான்சில் தனியார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஊர் திரும்பியவரின் ஓய்வூதியத்துக்கு ஒப்பந்தத்தில் வேறு ஷரத்து இருக்கிறது. 'பக்கத்து வீட்டு சொல்தா வரி கட்டவில்லை, நாமும் கட்ட வேண்டாம்' என்று இருப்பது ஆபத்து.

வரி இல்லை என்றால் வேலையும் இல்லையா?

இங்கேதான் பலரும் தடுமாறும் இடம் வருகிறது. வரி இல்லை என்பதும், கணக்கு காட்ட வேண்டாம் என்பதும் ஒன்றல்ல.

அண்ணனையே எடுத்துக்கொள்வோம். ராணுவ ஓய்வூதியத்துக்கு இங்கே வரி இல்லை. ஆனால் அதைச் சேமித்து வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டால் வரும் வட்டிக்கு வரி உண்டு. மாடியை வாடகைக்கு விட்டால் அந்த வாடகைக்கும் உண்டு. அவர் வெளிநாட்டுக் குடிமகனாக இருந்தாலும் இந்தியாவில் வசிப்பவர், அவ்வளவுதான்.

அதோடு 2012 நிதிச் சட்டம் ஒன்றைச் சேர்த்தது. இந்தியாவில் சாதாரணமாக வசிப்பவருக்கு வெளிநாட்டில் சொத்தோ வங்கிக் கணக்கோ இருந்தால், வரி கட்டும் அளவு வருமானம் இல்லாவிட்டாலும் வரி அறிக்கை தாக்கல் செய்து, அந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். பாரிஸ் வங்கியில் ஓய்வூதியம் விழுவதற்காகத் திறந்த பழைய கணக்கும் இதில் அடங்கும். 2015-ல் வந்த கறுப்புப் பணச் சட்டத்தில், காட்டாமல் விட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம்! சிறு கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இது மிகக் கடுமை என்பதால், அசையாச் சொத்து அல்லாதவற்றின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் இந்த அபராதம் இல்லை என்று 2024 அக்டோபர் முதல் தளர்த்தினார்கள்.

தம்பிக்கு வேறு தொல்லை. பிரான்சின் வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. நம்முடையது ஏப்ரல் முதல் மார்ச் வரை. பிரான்சிலிருந்து வரும் ஆண்டுச் சீட்டை அப்படியே இங்கே எழுதிவிட முடியாது, மாதவாரியாகப் பிரித்துச் சேர்க்க வேண்டும். யூரோவை ரூபாயாக்குவதற்கும் ஒரு முறை இருந்தது. 1962-ம் ஆண்டு விதிகளின் 115-வது விதி, ஸ்டேட் வங்கி அயல்நாட்டுப் பணத்தை வாங்கும் விகிதத்தைக் கணக்கில் எடுக்கச் சொன்னது. வங்கிக் கணக்கில் விழுந்த ரூபாயும் படிவத்தில் வரும் ரூபாயும் ஒத்துப் போகாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

காமர்ஸ் படித்த பேரன் வீட்டில் இருந்தால் சரி. இல்லாவிட்டால் 80 வயதுக்காரர் இதையெல்லாம் எப்படிச் செய்வார்?

மற்ற இடங்களில்

ஓர் ஆட்சி போய் இன்னொன்று வரும்போது ஓய்வூதியக்காரர் நடுவில் மாட்டிக்கொள்வது பாண்டிச்சேரியில் மட்டும் நடந்ததல்ல.

பிரிட்டிஷ் காலத்து ஐசிஎஸ் அதிகாரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு இந்தியா ஓய்வூதியம் கொடுத்தது. 1961 சட்டத்தின் 9-வது பிரிவில், அவர்கள் நிரந்தரமாக வெளிநாட்டில் வசித்து, ஓய்வூதியமும் அங்கேயே வழங்கப்பட்டால், அது இந்தியாவில் எழுந்த வருமானம் ஆகாது என்று தெளிவாக எழுதி வைத்தார்கள்.

கோவாவில் போர்ச்சுகீசிய சிவில் சட்டப்படி கணவன் மனைவிக்குச் சொத்து பொது. அதனால் வருமானத்தை இருவருக்கும் சரிபாதியாகப் பிரித்து வரி போடும் 5ஏ பிரிவு 1994-ல் சேர்க்கப்பட்டது, அதுவும் 1963 முதலே செல்லும்படி.

பிரான்சின் ஆப்பிரிக்கக் காலனி வீரர்களின் கதை இன்னும் வேதனையானது. 1959-ல் ஒரு பிரெஞ்சுச் சட்டம், விடுதலை பெற்ற நாடுகளின் குடிமக்களாகிவிட்ட முன்னாள் வீரர்களின் ஓய்வூதியத்தைப் பழைய அளவிலேயே உறைய வைத்தது. ஒரே பதுங்குகுழியில் இருந்த பிரெஞ்சு வீரருக்குத் தொகை ஏறிக்கொண்டே போனது, செனகல் வீரருக்கு நின்றுவிட்டது. 2006-ல் வந்த 'இந்திஜேன்' என்ற திரைப்படம் இதைப் பேச வைத்தது, அரசு ஒரு பகுதியைச் சரி செய்தது. 2010 மே 28 அன்று பிரான்சின் அரசியலமைப்பு மன்றம் இந்தப் பாகுபாட்டுச் சட்டத்தின் முக்கியப் பகுதிகளைச் செல்லாது என்றது. தற்செயலாக, நம்முடைய ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஒரு மே 28-தான்.

முடிவாக

ஒரு வருமானத்துக்கு வரி போட மூன்று காரணங்களைச் சொல்லலாம்: பணம் எங்கிருந்து வருகிறது, ஆள் எங்கே வசிக்கிறார், ஆள் எந்த நாட்டுக்காரர். இந்திய வருமான வரி பெரும்பாலும் முதல் இரண்டை மட்டுமே பார்ப்பது. மூன்றாவதைக் கேட்கும் அபூர்வமான இடங்களில் ஒன்று இந்த 19-வது ஷரத்து. மற்ற ஊர்களில் அது தூதரக ஊழியர்களைப் போன்ற சிலருக்கான விதி. புதுச்சேரியிலோ தெருவுக்கு ஒரு வீட்டைத் தொடும் விதி.

1961 சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதிய வருமான வரிச் சட்டம் நிறைவேறி, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு என்று குறிக்கப்பட்டது. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. நாடுகளுக்கு இடையேயான ஒப்பந்தம் மாறவில்லை, அண்ணன் தம்பி கணக்கும் மாறவில்லை. 1962-ல் கையெழுத்திடும் வயதில் இருந்தவர்கள் இன்று 80-ஐத் தாண்டியவர்கள். ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் பலர் பிரான்சில் அரசுப் பணி செய்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்புகிறார்கள். தந்தை அன்று எழுதிக் கொடுத்தாரா இல்லையா என்பதுதான் இவர்களுடைய கடவுச்சீட்டையும், அதன் வழியாக வரியையும் முடிவு செய்திருக்கிறது.

வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால், 1962, 63 தேதியிட்ட பிரெஞ்சுக் காகிதங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குடியுரிமைக்கு மட்டுமல்ல, வரிக்கும் அதுதான் ஆதாரம்.